நின்றால் கொதிக்கும் ஜீப்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். கார் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை, கோயம்புத்தூர் சிக்னலில் நாலு நிமிஷம் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறது என்றாய். ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்யவில்லை, மோட்டாரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாராம். "ஏமாத்துறான்ம்மா. ஓடுற வண்டி சூடாகும், நிக்கிற வண்டி எப்படிச் சூடாகும்?" என்று கோபப்பட்டாய். அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்றேன். பிரசவம் பார்த்த அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

முதலில் உன் காரை முடித்துவிடுவோம். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டரில் தண்ணீர் அளவு சரியாக இருக்கிறதா என்று பார். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்காதே, உள்ளேயிருந்து பீறிட்டு வரும் ஆவி முகத்தை வேக வைத்துவிடும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல், முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்று கவனி. முள் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறும்போது ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். ஏசி போட்டாலும் சுற்ற வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும், விரலை உள்ளே விடாதே. சுற்றவில்லை என்றாலும் உடனே மோட்டார்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஃப்யூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல். அவை நன்றாக இருந்தால், பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல். அப்போதும் சுற்றாவிட்டால் அந்த மெக்கானிக்கிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். ஃபேன் சுற்றியும் சூடாகிறது என்றால், ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்திருக்கலாம். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்று கிடைக்கிறது. நிற்கிற வண்டிக்கு ஃபேன் இழுத்துக் கொடுக்கும் காற்று மட்டும்தான். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் ஒருவரின் வேலையைப் பறித்திருந்தேன்.

எழுபதுகளில் நடந்தது. கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு முதல் வேலை. நம் ஊரும் அந்த ஆஸ்பத்திரியின் எல்லைக்குள்ளேதான் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்த குடும்பம் நம்முடையது. அரசு விடுதியில் தங்கிப் படித்து, வெள்ளைப் புடவையோடு ஊருக்குத் திரும்பிய முதல் பெண் நான். திராவிடக் கட்சியின் ஆட்சி. மேடைக்கு மேடை சமத்துவம் பேசினார்கள், எங்கள் காலனிக்குக் கரண்ட் கம்பம் வந்திருந்தது. வயலில் மட்டும் சண்டை ஓயவில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் யார் நிலம் போகிறது, யார் பெயருக்குப் பினாமியாக மாறுகிறது என்று ஒரு பக்கம். அறுப்புக் கூலி எத்தனை மரக்கால் நெல் என்று இன்னொரு பக்கம். தை பிறந்தால் மிராசுதார்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள், எங்கள் ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து மறிப்பார்கள். உன் தாத்தா, அதாவது என் அப்பா, அப்போது எங்கள் ஊர்க் கூலிக்காரர் சங்கத்துக்குத் தலைவர்.

ஆஸ்பத்திரி ஜீப்பை ஓட்டியவர் கோவிந்தராஜு. நாற்பது வயதிருக்கும், மேலத்தெருக்காரர். பெரிய மிராசு இல்லை, ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தார். அந்த வருஷம் அவர் வயலிலும் கதிர் முற்றி, அறுக்க ஆள் வராமல் தலை சாய்ந்து நின்றது. என்னோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸை அவர் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். என்னை 'ஏம்மா' என்பார். இதையெல்லாம் ஒன்று விடாமல் மனதில் எழுதி வைத்துக்கொள்ளும் வயது எனக்கு. இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். மேலத்தெருவில் கேஸ் பார்க்கப் போனால் ஜீப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. எங்கள் காலனிக்கு வந்தால் மட்டும் கொதித்துப் புகைவிடும். ஒரே மாதத்தில் நாலு தடவை. வண்டியை அணைத்து ஆறவிடவும் மாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுக் குடங்களை வாங்கித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பார். அந்தக் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்ததில்லை.

அறுப்புச் சண்டை உச்சத்தில் இருந்த ஒரு பகலில் அஞ்சலைக்கு வலி கண்டிருக்கிறது என்று ஆள் வந்தது. எங்கள் தெருப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள், இரண்டாவது பிரசவம். நான் போனபோது முந்தின நாளிலிருந்தே விட்டுவிட்டு வலிக்கிறது என்றாள் மாமியார். வயிற்றில் குழலை வைத்துக் கேட்டேன். வாசலில் மறியலுக்குப் புறப்படுகிற ஆட்களின் சத்தம். எனக்குக் குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. சத்தத்தில் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதிரமும் பட ஆரம்பித்ததால், நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோவது என்று ஜீப்புக்கு ஆள் அனுப்பினேன்.

ஜீப் வந்து சந்து முனையில் நின்றது. அஞ்சலையைத் தயார் செய்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வந்து பார்த்தால் முன்மூடி திறந்திருக்கிறது, வெள்ளையாக ஆவி.

"இப்ப எடுக்க முடியாதும்மா. கொஞ்சம் அடங்கட்டும்," என்றார் கோவிந்தராஜு.

உன் தாத்தா முன்னால் வந்தார். "மேலத்தெருவுல கொதிக்காத வண்டி இங்க வந்தா மட்டும் கொதிக்குதா?"

கோவிந்தராஜு நனைத்த சாக்கை எடுத்து எஞ்சின் மேல் போட்டார். எங்கள் ஆட்களைப் பார்த்து, "தண்ணி கொண்டாங்கடா," என்றார். அந்த 'டா' அன்றைக்கு எல்லோர் காதிலும் விழுந்தது. இருந்தாலும் பெண்கள் குடம் குடமாகக் கொண்டுவந்தார்கள். கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாகப்பட்டினத்தில் குழந்தை இறந்து பிறந்தது. அஞ்சலைக்கு ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் நான் மாவட்ட சுகாதார அதிகாரிக்கு மனு எழுதினேன். நல்ல கையெழுத்து எனக்கு, படித்த படிப்பையெல்லாம் அதில் காட்டினேன். ஓட்டுநர் காலனிக்கு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டுக் கொதிக்க வைக்கிறார், தன் வயலில் அறுப்பு நின்ற ஆத்திரத்தில் இப்படிச் செய்கிறார், அந்தத் தாமதத்தால் ஒரு குழந்தை இறந்தது என்று எழுதினேன். தாத்தா அதைச் சங்கத்தில் படித்துக் காட்டினார். ஊர்வலம் நடந்தது, ஆஸ்பத்திரி வாசலில் கோஷம் போட்டார்கள். ஒரு வாரத்தில் கோவிந்தராஜுவைத் தற்காலிக நீக்கம் செய்து உத்தரவு வந்தது. எங்கள் தெருவிலிருந்து போன ஒரு காகிதத்துக்கு அரசாங்கம் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. தாத்தா என்னைத் தெருவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போன விதம் இன்னும் நினைவிருக்கிறது.

அவருக்குப் பதிலாக வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். மூன்றாவது வாரம், ரயிலுக்காக மூடிய கேட்டில் நின்றிருந்தபோது ஜீப் கொதித்தது. அந்த மனிதருக்கு மேலத்தெருவும் தெரியாது, காலனியும் தெரியாது. தடுப்பூசி வாங்கத் திருவாரூர் போக வேண்டியிருந்ததால், அங்கேயே ஜமால் பாய் என்ற மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். ஜமால் பாய் முதலில் முன்மூடியைத் திறக்கவே இல்லை. பீடியை அணைத்துவிட்டு, "ஓடும்போது கொதிக்குதா, நிக்கும்போதா?" என்று கேட்டார்.

புது டிரைவர் என்னைப் பார்த்தார். "நிக்கும்போதுதாங்க," என்றேன். "ஓடுறப்ப ஒரு நாளும் இல்ல."

"எங்கெங்க நின்னப்ப?"

"எங்க தெருவுல. இன்னைக்கு ரயில் கேட்டுல."

"வேற எங்கயும் நிக்காதா வண்டி?"

"நிக்கும். மேலத்தெருவுக்குப் போனா ஆத்தங்கரைச் சரிவுல விட்டு அணைச்சிருவாரு. செல்ஃப் எடுக்காதுல்ல, சரிவுன்னா உருட்டியே ஸ்டார்ட் பண்ணிக்கலாம். எங்க தெரு சமதரை, அதனால அணைக்காம..."

செல்ஃப் வேலை செய்யாததும், சரிவில் அவர் வண்டியை உருட்டி விடுவதும் நான் நாள்தோறும் பார்த்தவை. அந்த மனுவை எழுதும்போது அவை என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. ஜமால் பாய்க்கு என் மனுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தார். எஞ்சினை ஓடவிட்டு, என் கையிலிருந்த கேஸ் சீட்டை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்து விட்டார். ஃபேன் இழுக்கிற இழுப்பில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். சீட்டு நேராகக் கீழே விழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபேனைச் சுற்றுகிற பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். இரண்டு அங்குலம் உள்ளே போனது. "வழுக்குதும்மா. எஞ்சின் சுத்துது, ஃபேன் பாதிதான் சுத்துது." அப்புறம் டார்ச்சை அடித்து ரேடியேட்டரைக் காட்டினார். தகடுகளுக்கு நடுவே பதரும் வைக்கோல் தூசியும் களிமண்போல் அப்பியிருந்தன. நம் பக்கத்தில் அறுத்த கதிரை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளே மிதித்து உதிர்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள் அல்லவா, அந்த ரோடுகளில் தினமும் ஓடிய ஜீப் அது. பின்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அதையெல்லாம் முன்பக்கமாக வெளியே தள்ளினார். புது பெல்ட் மாட்டி, அரை அங்குலத்துக்கு மேல் அழுந்தாதபடி இறுக்கினார். ரப்பர் காய்ந்துபோன ரேடியேட்டர் மூடியையும் மாற்றினார். பிறகு கடைப் பையன்கள் தள்ளி ஸ்டார்ட் செய்ய, அரை மணி நேரம் ஜீப் நின்ற இடத்திலேயே ஓடியது. முள் அசையவில்லை. கேஸ் சீட்டு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் வண்டி ஓடிய கணக்கை டிரைவர் எழுதி வைக்கும் லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோவிந்தராஜுவின் கோணல் கையெழுத்தில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது: 'வண்டி நின்னா கொதிக்கிது. பெல்ட் மாத்தணும். செல்ஃபும் பார்க்கணும்.' மூன்றுக்கும் கீழே டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். யாரும் படித்திருக்கவில்லை.

அடுத்த நாள் அவரைத் தேடிக்கொண்டு போனேன். வயலில் இருந்தார். ஆள் கிடைக்காமல் அவரும் அவர் மனைவியும் மட்டும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பழக்கமில்லாத கை, இடதுகை விரல்களில் துணி சுற்றியிருந்தது. நெல் பாதிக்கு மேல் உதிர்ந்து கிடந்தது. நான் வரப்பில் நின்று, வண்டியில் இருந்த கோளாறைச் சொன்னேன். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு அணைச்சு வச்சிருந்தா கொதிச்சிருக்காதே. ஏன் அணைக்கல?" என்று கேட்டேன்.

அரிவாளை வரப்பில் வைத்தார். "அணைச்சா தள்ளணும். தள்ளணும்னா உங்க தெரு ஆளுங்களைக் கேக்கணும். என் வயல்ல இறங்க மாட்டேங்கிறவங்ககிட்ட போயி, வண்டியத் தள்ளி விடுன்னு எப்படிக் கேக்குறது? எனக்கு வாய் வரல." விரலில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டே, "சண்டை இல்லாத வருசமா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்னு வையி," என்றார்.

ஆகவே, தம்பி, நான் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் எங்களிடம் கேட்க மனம் வராமல்தான் செய்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் அதற்கு முன் அளந்து பார்த்ததில்லை. இதில் ஒன்றைத்தான் மனுவாக எழுத முடியும், இன்னொன்றுக்கு அதிகாரி கிடையாது.

அங்கிருந்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜீப் வருவதற்கு முன்பே குழலில் எனக்குத் துடிப்பு கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. முந்தின நாள் சாயங்காலத்திலேருந்தே அசைவு இல்ல."

"ஏன்டி சொல்லல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள்.

நான் கேட்டிருக்கவில்லை. எப்போது வலி எடுத்தது என்று மாமியாரிடம் கேட்டேன், குழலை வைத்தேன், ஜீப்புக்குச் சொல்லி அனுப்பினேன். குழந்தை எப்போது கடைசியாக அசைந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும், நர்ஸ் பயிற்சியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிரசவம் பார்த்தேன், அந்தக் கேள்வியை ஒருத்தியிடமும் கேட்காமல் விட்டதில்லை. அஞ்சலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அன்று சாயங்காலம் தாத்தாவிடம், இன்னொரு மனு எழுதப்போகிறேன் என்றேன். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"எழுதாத. பெல்ட்டு போன வண்டிக்கா நாம ஊர்வலம் போனோம்னு மிராசுதாரனுங்க சிரிப்பானுங்க. அறுப்புக் கூலி பேச்சுவார்த்தை அடுத்த வாரம். இதத் தூக்கிக்கிட்டு வந்து, இவனுங்க சொல்றது எல்லாமே பொய்யிம்பானுங்க."

"அவரு செய்யலப்பா."

"அவன் செய்யலேன்னா? அவன் தெரு செஞ்சது கொஞ்சமா? உன் ஆத்தா நிறைமாசமா நடவு நட்டா. அப்ப யாரு ஜீப்பு அனுப்புனா?"

"அது வேற மனுப்பா. அதையும் எழுதலாம். இதுல அத எழுதக் கூடாது."

தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எழுதறதுன்னா எழுது. அப்புறம் என்கிட்ட பேசாத," என்றார். அவர் பயந்தது வீண் பயம் இல்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் எழுதினேன். பேச்சுவார்த்தையில் மிராசுதார் பக்கம் என் இரண்டாவது மனுவின் நகலை எடுத்துக் காட்டினார்கள். கேட்ட கூலி கிடைக்கவில்லை, கொஞ்சம் குறைத்துத்தான் முடிந்தது. அதற்கு என் மனுதான் காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும்.

அந்த மனுவில் மூன்று விஷயங்கள் இருந்தன. வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருந்தது, ஓட்டுநர் அதை எழுத்தில் மூன்று முறை தெரிவித்திருந்தார், ஜீப் வரும் முன்பே குழந்தையின் துடிப்பு எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்ட இரண்டாவதையும் விட்டிருக்கலாம் என்று அவர் முகம் சொன்னது. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, பணிப் பதிவேட்டில் கண்டனம் ஏறியது. கோவிந்தராஜுவை மறுபடி வேலையில் சேர்த்தார்கள். அதற்குள் அவருடைய அந்தப் போகத்து நெல் மண்ணோடு போயிருந்தது. அதை எந்த மனுவாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. வேலைக்கு வந்த முதல் நாள் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார், புது பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், துடைக்க ஆரம்பித்தார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு ஆளைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்தது நிறைய இருக்கும்போதுதான் நாம் ஒன்றும் கேட்காமல் விடுகிறோம். எனக்குக் கோவிந்தராஜுவைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது, அதில் பெரும்பாலும் உண்மை. உனக்கு மெக்கானிக்குகளைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கலாம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எப்போது சூடாகிறது, எங்கே சூடாவதில்லை என்று கேள். பதில் உனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் கேட்டு முடி. அதற்குப் பிறகும் அவர் ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் தாராளமாகச் சண்டை போடு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சித்திரையில், அவர் திரும்பி வந்து இரண்டு வாரம் இருக்கும், காலனியில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போனோம். சந்து முனையில் ஜீப்பை நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். செல்ஃபை அப்போதும் யாரும் சரி செய்து கொடுத்திருக்கவில்லை. குழந்தைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கச் சொல்லிவிட்டு வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள், தாத்தாவும் அவர்களில் ஒருவர். கோவிந்தராஜு இறங்கினார். கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வெளியே நின்றார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி விடுங்க," என்றார்.

யாரும் நகரவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்லவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வெயிலில் அப்படியே நின்றார். தாத்தா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்னால் கை வைத்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள், கோவிந்தராஜு ஏறி ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். அப்புறம் தாத்தா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"நீ என்ன மகாராணி மாதிரி உள்ள உக்காந்திருக்க? இறங்கித் தள்ளு."

இறங்கினேன். வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று தள்ளினேன். முப்பதடி போனதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சந்துக்கு வெளியே ஜீப் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. தாத்தா கையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு, "போ, வண்டி நிக்கிது," என்றார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

உன் அம்மா